குழந்தை தெரேசாவின் தந்தையும் கான் நகர மனநோய் இல்லமும்



சிலுவையையும் ரோசாப்பூக்களையும் மார்போடு அணைத்து நிற்கும் குழந்தை தெரேசாவின் சுரூபம் இல்லாத பங்கு ஆலயம் நம்மிடையே குறைவு. அவருடைய தந்தை லூயி மார்ட்டினையும் நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். நரைத்த தாடியோடு தோட்டத்து இருக்கையில் அமர்ந்திருப்பார். பக்கத்தில் மகள் கார்மேல் மடத்துக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருப்பாள். அழகான படம். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகுமுன் அதே மனிதர் ஒரு மனநோய் இல்லத்துக்குள் கொண்டுபோய் விடப்பட்டார் என்பதும், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்தார் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காட்சியை யாரும் படமாக வரைந்து விற்பதில்லை.

லூயி 1823 ஆகஸ்டு 22 அன்று பிரான்சின் போர்தோ நகரில் பிறந்தார். இளமையில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள புனித பெர்னார்து மடத்தில் சேர விரும்பினார். இலத்தீன் தெரியாததால் சேர்த்துக்கொள்ளவில்லை. கடிகாரத் தொழில் கற்று, அலான்சோன் நகரில் கடை வைத்தார். 1858 ஜூலை 13 அன்று நள்ளிரவில், சரிகைப் பின்னல் தொழில் நடத்திவந்த செலி குரினை மணந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்தன. நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1877 ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோயால் செலியும் போய்விட்டார். அப்போது கடைக்குட்டி தெரேசாவுக்கு நாலரை வயது. செலியின் தம்பி இசிதோர் குரின் லிசியே நகரில் மருந்துக் கடை வைத்திருந்தார். தாய்மாமன் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குத் துணை என்று எண்ணி, லூயி ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு அங்கே குடிபெயர்ந்தார். அலான்சோனிலேயே இருந்திருந்தால் அவருக்கு வசதி. பிள்ளைகளுக்காக ஊரை விட்டார்.

1882-இல் பவுலின் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். 1886-இல் மரி சேர்ந்தாள். 1888 ஏப்ரல் 9 அன்று, பதினைந்து வயது தெரேசாவும் போனாள். வீட்டில் மிஞ்சியவர்கள் லெயோனியும் செலினும். அந்த ஆண்டு ஜூன் நடுவில், செலின் வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்து மகிழ்ந்த லூயி, அவளைப் பாரிசில் நல்ல ஆசிரியரிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். செலினோ, தானும் துறவியாகவே விரும்புவதாகச் சொல்லிவிட்டாள். அவர் வருத்தப்படவில்லை. கடவுள் தம் பிள்ளைகள் எல்லாரையும் கேட்பது தமக்குப் பெருமை என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 23 அன்று, யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் காணாமல் போனார்.

நான்கு நாள்கள் வீடே பதைத்தது. மடத்துக்குள் இருந்த மூன்று பெண்களும் வெளியே வந்து தேட முடியாமல் தவித்தார்கள். லெ ஹாவ்ர் துறைமுக நகரிலிருந்து அவர் அனுப்பிய செய்தி ஒன்று கிடைக்க, செலினும் தாய்மாமனும் அங்கே விரைந்து, ஜூன் 27 அன்று அவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். எங்காவது தனிமையில் ஒரு தவசியைப் போல வாழவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்திருந்தது. அதன்பின் சில வாரங்கள் தெளிவாக இருப்பார். திடீரென்று நினைவு தவறும், பேச்சு தடுமாறும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். மீண்டும் தெளிவார். இப்படிப்பட்ட ஒருவரோடு வாழ்ந்த குடும்பங்களுக்குத் தெரியும், அந்த நல்ல நாள்கள்தான் மனத்தை அதிகம் ஏமாற்றும்.

1889 ஜனவரி 10 அப்படி ஒரு நல்ல நாள். தெரேசா துறவற உடை பெற்ற விழாவுக்கு லூயி வந்தார். வெண்ணிற வெல்வெட் உடுத்திய மகளின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துச் சென்றார். தெரேசா ஆசைப்பட்டது போலவே அன்று பனியும் பெய்தது. அந்த வீட்டில் அவர் கலந்துகொண்ட கடைசி விழா அதுதான். அடுத்த மாதம் நோய் முற்றியது. போர் நடப்பதாகவும், பீரங்கி வெடிப்பதாகவும், தம் பெண்களுக்கு ஆபத்து வருவதாகவும் அவருக்குத் தோன்றியது. அவர்களைக் காப்பாற்றக் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். கீழே வைக்க மறுத்தார். இசிதோர் ஓடிவந்து, மருத்துவரின் யோசனைப்படி, பிப்ரவரி 12 அன்று அவரைக் கான் நகரில் அருட்சகோதரிகள் நடத்திய நல்ல மீட்பர் மனநோய் இல்லத்தில் சேர்த்தார். பெண்களைப் பயமுறுத்த எடுத்த துப்பாக்கி அல்ல அது. நோயின் உச்சத்திலும் அந்தத் தந்தையின் மனம் பிள்ளைகளைக் காப்பதிலேயே இருந்தது.

ஊர் என்ன சொன்னது?

லிசியே சிறிய நகரம். லூயி தினமும் திருப்பலிக்குப் போகிறவர், ஏழைகளுக்குக் கொடுக்கிறவர், எல்லாரும் மதித்த மனிதர். அவர் பைத்தியக்கார இல்லத்தில் இருக்கிறார் என்றதும் ஊரார் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனதால்தான் கிழவருக்குப் புத்தி பேதலித்தது. அதிலும் செல்ல மகள், அவர் ராணி என்று கூப்பிட்டுக் கொஞ்சிய தெரேசா பதினைந்து வயதில் பிரிந்து போனதுதான் அவரை முறித்துவிட்டது. இந்தப் பேச்சு மடத்தின் சுவர்களையும் தாண்டி உள்ளே வந்தது. பதினாறு வயதுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு செபிக்கவும் வேலை செய்யவும் வேண்டியிருந்தது.

இந்தப் பேச்சை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். லூயிக்கு முதல் பக்கவாதம் வந்தது 1887 மே 1 அன்று. தெரேசா தோட்டத்தில் அவரிடம் அனுமதி கேட்டது அதே மாதம் 29-ஆம் தேதி, பெந்தக்கோஸ்து ஞாயிறன்று. ஆக, மகள் வாய்திறந்து கேட்பதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே நோய் அவர் உடலில் குடிகொண்டுவிட்டது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இறுகிப்போனதால் வந்த நோய் அது என்றே அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதை உண்டாக்க எந்த மகளும் தேவைப்படவில்லை.

பக்தியுள்ளவர்கள் சொல்லும் இன்னொரு காரணமும் உண்டு. 1888-இல் அலான்சோன் ஆலயத்தில் செபிக்கும்போது, தாம் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகவும், கடவுளுக்காக ஏதாவது துன்பப்பட விரும்புவதாகவும் லூயி வேண்டிக்கொண்டார். அதற்குப் பதிலாகவே கடவுள் இந்த நோயை அனுப்பினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் செபித்தது உண்மை. தம் மகள்களிடம் அவரே சொன்னார். ஆனால் இங்கும் நாள்கணக்கு ஒத்துவரவில்லை. பக்கவாதம் முந்தியது, செபம் பிந்தியது. ஏற்கெனவே தமக்குள் இருந்த நோயை அவர் தம்மையறியாமலே கடவுள் கையில் ஒப்படைத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். நம்பிக்கையுள்ள ஒருவருக்கு மனநோய் வந்தால் யாராவது ஒருவர்மீது, கடைசியில் கடவுள்மீதாவது, பழியைப் போடாமல் நமக்கு ஆறுவதில்லை.

கான் இல்லத்தில் லூயி எப்படி இருந்தார்? குழப்பமான நாள்கள் பல. தெளிவான நாள்களில் சிற்றாலயத்துக்குப் போவார், நற்கருணை வாங்குவார். தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. வாழ்நாளில் தமக்கு அவமானம் என்பதே நேர்ந்ததில்லை, இப்போது ஒன்று தேவைப்பட்டது போலும் என்று மருத்துவரிடம் ஒருமுறை சொன்னார். புத்தி இழந்தவர் பேசும் பேச்சா இது? நாம் ஒருவரைப் பைத்தியம் என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம். உள்ளே இருக்கிற மனிதரோ கேட்டுக்கொண்டும் புரிந்துகொண்டும் இருக்கிறார்.

அப்படிப் புரிந்துகொண்டதால்தான் 1889 ஜூன் 18 அவருக்கு மிகக் கொடிய நாளாயிற்று. சொத்தை நிர்வகிக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கும் பத்திரத்தோடு, பத்திரம் எழுதும் அலுவலர் இல்லத்துக்கே வந்தார். நோய்வாய்ப்பட்டவரின் சொத்து வீணாகக்கூடாது என்று வீட்டார் செய்த ஏற்பாடு. அதில் தவறு சொல்லமுடியாது. ஆனால் லூயி அன்று தெளிவாக இருந்தார். இது தம் பிள்ளைகளின் விருப்பம் என்று கேட்டதும் அவர்களே தம்மைக் கைவிட்டுவிட்டதாக எண்ணித் தேம்பி அழுதார். பிறகு கையெழுத்துப் போட்டார். நன்மைக்காகச் செய்த ஒன்று, செய்த விதத்தில் ஒருவரின் நெஞ்சை உடைத்தது. வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் எவரும் இந்த இடத்தை எளிதில் கடந்து போகமாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

உண்மையில் பிள்ளைகள் அவரைக் கைவிடவில்லை. அவரைச் சேர்த்த ஒரே வாரத்தில் செலினும் லெயோனியும் கான் நகருக்கே போய், புனித வின்சென்ட் தெ பவுல் சபைச் சகோதரிகளின் இல்லத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள். தந்தையைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறைதான் அனுமதி. அவர்களோ தினமும் வாசல்வரை போய், இன்று எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். மூன்று மாதங்கள் இப்படி. மே மாதம் லிசியேவுக்குத் திரும்பிய பிறகும் கான் நகருக்குப் போய்ப் பார்த்துவந்தார்கள். தந்தையோடு வாழ்ந்த வீடு அந்த ஆண்டு இறுதியில் கைவிட்டுப் போனது. செலினுக்குத் திருமண வாய்ப்பு வந்தது; மறுத்தாள். மடம் அவளுக்காகக் காத்திருந்தது, அங்கும் போகவில்லை. அப்பா இருக்கும்வரை அப்பாவோடு என்று முடிவு செய்திருந்தாள்.

1890 செப்டம்பர் 24 அன்று தெரேசா கருப்பு முக்காடு பெறும் விழா. தந்தையை எப்படியாவது ஒரு நாள் அழைத்து வந்துவிட வேண்டும், அவர் மகளை ஆசீர்வதிக்கவேண்டும் என்று செலின் திட்டம் போட்டிருந்தாள். இசிதோர் மறுத்துவிட்டார். உணர்ச்சிப் பெருக்கில் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது என்று அவர் பயந்தார். கூட்டத்தின் நடுவே ஏதாவது நடந்துவிட்டால் என்ற அச்சமும் இருந்திருக்கலாம். நாம் அந்த மாமனைக் குறைசொல்லவில்லை. அத்தனை பொறுப்பையும் தோளில் சுமந்தவர் அவர். ஆனாலும் விழா நாளில் தெரேசா அழுதாள். அந்த அழுகை ஏன் என்று சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

நம் வீடுகளிலும் இது நடக்கிறதே. திருமணத்துக்கும் புதுநன்மை விழாவுக்கும் எல்லாரும் வருவார்கள். ஒருவர் மட்டும் உள்ளறையில் இருப்பார். மன்றாட்டு நேரத்தில் சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் பெயர் சொல்லிச் செபிக்கிறோம். மனநோய்க்கு யார் பெயரையும் சொல்லி நாம் கேட்டதில்லை.

தெரேசாவுக்கு ஆறேழு வயதில் ஒரு காட்சி தோன்றியிருந்தது. தந்தை வெளியூர் போயிருந்த ஒரு பிற்பகலில், அவரைப் போலவே உடுத்திய, அதிகம் கூனிய ஒருவர் தலையைத் துணியால் மூடிக்கொண்டு தோட்டத்தில் நடந்து போவதைப் பார்த்தாள். அப்பா என்று கத்தினாள். வேலைக்காரப் பெண் விளையாடுகிறாளோ என்று விசாரித்தார்கள். அவள் சமையலறையை விட்டு நகரவே இல்லை. நோயின் நாள்களில் லூயி உண்மையாகவே தலையைத் துணியால் மூடிக்கொள்ளும் வழக்கம் கொண்டபோதுதான் அந்தக் காட்சியின் பொருள் மகளுக்கு விளங்கியது. உடை பெற்ற நாளிலேயே தம் துறவறப் பெயரோடு திருமுகத்தின் என்ற சொல்லையும் தெரேசா சேர்த்துக்கொண்டிருந்தார். பாடுகளில் மறைக்கப்பட்ட இயேசுவின் முகத்தில் தம் தந்தையின் முகத்தையும், தந்தையின் முகத்தில் இயேசுவையும் பார்த்தார். ஊர் வெட்கம் என்று கண்டதை அவர் தம் குடும்பத்தின் செல்வம் என்று எழுதினார். எளிதாக அப்படி எழுதிவிடவில்லை. அதற்கு மேல் தம்மால் தாங்கமுடியாது என்று உணர்ந்த நாளும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

1892 மே 10 அன்று லூயியை லிசியேவுக்கு அழைத்து வந்தார்கள். கால்கள் செயலிழந்துவிட்டதால் இனி எங்கும் ஓடிப்போகமாட்டார் என்பதே அதற்குக் காரணம். இரண்டு நாள் கழித்து, கார்மேல் மடத்தின் சந்திப்பு அறைக்குத் தூக்கி வந்தார்கள். மூன்று மகள்களும் கம்பிக்கு அப்பால். அவரால் அதிகம் பேச முடியவில்லை. போகும்போது கண்ணில் நீரோடு விரலை மேலே உயர்த்தி, விண்ணகத்தில் சந்திப்போம் என்று மட்டும் உணர்த்தினார். அதன்பின் மடத்தில் இருந்தவர்கள் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு ஆண்டுகள் செலின் அவருக்கு ஊட்டினாள், துடைத்தாள், தூக்கி உட்காரவைத்தாள். 1894 ஜூலை 29 அன்று, லா முஸ் என்ற இடத்தில் மாமனின் வீட்டில், செலின் அருகிருக்க லூயி இறந்தார். செப்டம்பர் 14 அன்று அவள் கார்மேல் மடத்துக்குள் நுழைந்தாள்.

2008 அக்டோபர் 19 அன்று லூயியும் செலியும் லிசியேவில் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள். 2015 அக்டோபர் 18 அன்று, உரோமையில் குடும்பத்தைப் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்த நாள்களில், திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் புனிதர்களாக அறிவித்தார். திருவிழா ஜூலை 12. கான் நகர இல்லத்தில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்படவில்லை.

செலின் நெடுங்காலம் வாழ்ந்தார். தெரேசாவின் பெயர் உலகெங்கும் பரவியபின், குடும்பத்தின் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டிருக்கலாம். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1953-இல் தம் தந்தையின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கடிகாரக் கடையும், மீன்பிடித்தலும், தோட்டமும் அதில் உண்டு. கான் இல்லத்து ஆண்டுகளையும் அவர் விட்டுவிடவில்லை.