சுட்டு வீழ்த்தவே செய்யப்பட்ட குட்டி விமானம்: யார் இந்த ரெஜினால்ட் டென்னி?

டிரோன் என்றதும் இன்று கல்யாண வீடியோவும் போர்ச் செய்திகளும்தான் ஞாபகம் வரும். ஆனா, அமெரிக்காவில் ஆளில்லா விமானங்களை முதன்முதலில் ஆயிரக்கணக்கில் தயாரித்தது ஒரு சினிமா நடிகரின் கம்பெனின்னு சொன்னா நம்புவீங்களா?

ரெஜினால்ட் டென்னி 1891-ல் இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டன் விமானப் படையில் துப்பாக்கி வீரர். பிறகு ஹாலிவுட் போய், 1920-களின் மௌனப் படங்களில் காமெடி ஹீரோவாகக் கலக்கினார்.

பொம்மை விமானம் அவருக்குப் பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தது. 1934-ல் ஹாலிவுட் புலவார்டில் அதற்காகக் கடையே திறந்துவிட்டார். அன்றைய மாடல்களில் ஒரு சிக்கல்: பறக்கவிட்ட பிறகு அது போன போக்குதான். ரேடியோ மூலம் தரையிலிருந்தே திருப்ப முடிந்தால்?

அதே காலத்தில் ராணுவத்துக்கும் ஒரு தலைவலி. விமான எதிர்ப்பு பீரங்கி வீரர்கள் பயிற்சி எடுக்க, ஒரு விமானம் நீளமான துணியைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும். உள்ளே பைலட் இருப்பார், குறி தப்பினால் அவர் கதி? எதிரி விமானம் போல வளைந்து நெளிந்து பறப்பதும் கஷ்டம். விமானத்தில் துப்பாக்கி பிடித்தவர் என்பதால், டென்னிக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும்.

ராணுவம் உடனே வாங்கிவிடவில்லை. பல வருடங்கள், பல மாடல்கள். கடைசியில் 1940-ல் ஒப்பந்தம் கிடைத்தது. ஓக்யூ-2 என்ற அந்தக் குட்டி விமானத்தின் இறக்கை சுமார் 12 அடி, எஞ்சின் வெறும் 6 குதிரைத்திறன், வேகம் மணிக்கு சுமார் 137 கி.மீ. கவண் போன்ற அமைப்பிலிருந்து எகிறிக் கிளம்பும். குண்டுக்குத் தப்பினால் பாராசூட்டில் இறங்கும், திரும்பப் பறக்கவிடலாம். பொம்மை விமானம் செய்கிற எல்லோரும் அது விழக் கூடாதுன்னுதான் வேண்டிக்குவாங்க. இதைச் செய்ததே சுட்டு வீழ்த்தத்தான்! போகட்டும் என்று விட்டுவிடும் அளவுக்கு மலிவாக இருந்ததுதான் இதன் பலமே.

இரண்டாம் உலகப் போரின்போது டென்னியின் ரேடியோபிளேன் கம்பெனி கிட்டத்தட்ட 15,000 விமானங்களைத் தயாரித்தது. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த நார்மா ஜீன் என்ற இளம்பெண்ணை ஒரு ராணுவப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் மர்லின் மன்றோ. பெரும்பாலானோருக்கு இந்தக் கம்பெனியைத் தெரிவதே அந்தப் புகைப்படத்தால்தான், டென்னி பாவம்.

1952-ல் நார்த்ராப் நிறுவனம் ரேடியோபிளேனை வாங்கியது. டென்னி நடிப்பை விடவில்லை. 1966-ல் வந்த 'பேட்மேன்' படத்திலும் இருக்கிறார். அடுத்த ஆண்டு, பிறந்த ஊரான ரிச்மண்டிலேயே காலமானார்.