எய்ஜி சவாமுரா

எய்ஜி சவாமுரா (பெப்ரவரி 1, 1917 – டிசம்பர் 2, 1944) ஜப்பானைச் சேர்ந்த அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். வலக்கை எறியாளரான இவர் டோக்கியோ ஜயண்ட்ஸ் அணிக்காக 1936 முதல் 1943 வரை தொழில்முறை ஆட்டங்களில் விளையாடினார். 1934ஆம் ஆண்டில், தமது 17ஆம் வயதில், அமெரிக்க மேஜர் லீக்கின் முன்னணி மட்டையாளர்கள் நால்வரை அடுத்தடுத்து வெளியேற்றியதால் நாடறிந்தவரானார். ஜப்பானிய எறியாளர் ஒருவர் அமெரிக்காவில் வெற்றிபெற முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இவரது பெயரும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அக்கேள்விக்கு விடைகாணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் 27ஆம் வயதில் உயிரிழந்தார். ஜப்பானில் சிறந்த எறியாளருக்கு வழங்கப்படும் சவாமுரா விருது இவரது நினைவாக ஏற்படுத்தப்பட்டதாகும்.

அடிபந்தாட்டத்தில் எறியாளரின் பணி கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரின் பணியை ஒத்தது. ஆனால் பந்து தரையில் பட்டு எழுவதில்லை, 18.44 மீட்டர் தொலைவிலிருந்து நேராக மட்டையாளரை நோக்கி எறியப்படுகிறது. அடிக்கத்தக்க பந்துகளை மூன்று முறை தவறவிடும் மட்டையாளர் ஆட்டமிழப்பார். இதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர். எறியாளரின் ஆற்றலை அளப்பதற்குப் பெரிதும் பயன்படுவது இந்த எண்ணிக்கையே.

இளமை

சவாமுரா மியே மாகாணத்தின் உஜியமாதா நகரில் பிறந்தார். இந்நகரம் இன்று இசே என வழங்கப்படுகிறது. இவரது குடும்பத்தினர் காய்கனி வணிகம் செய்து வந்தனர். கியோத்தோ வணிகப் பள்ளியில் பயின்ற இவர், 1933, 1934ஆம் ஆண்டுகளில் அப்பள்ளி அணியின் எறியாளராகக் கோஷியென் அரங்கில் நடைபெற்ற தேசிய இடைநிலைப் பள்ளிப் போட்டிகளில் பங்கேற்றார். தொழில்முறை அணிகள் தோன்றாத அக்காலத்தில், பள்ளி, பல்கலைக்கழக ஆட்டங்களே ஜப்பானியர் பெருந்திரளாகக் கூடிக் காணும் ஆட்டங்களாக இருந்தன.

இவரது உடலமைப்பு பெரியதன்று; உயரம் ஏறத்தாழ 174 செ.மீ. மட்டுமே. எறிவதற்கு முன் இடக்காலை மிக உயரமாகத் தூக்குவது இவரது தனி அடையாளமாக அமைந்தது. விரைவுப் பந்தும், மட்டையாளரை நெருங்கும்போது திடீரெனக் கீழ்நோக்கி விழும் வளைபந்தும் இவரது முதன்மையான எறிவுகளாக இருந்தன.

1934ஆம் ஆண்டு சுற்றுப்பயணம்

யோமியூரி நாளிதழின் உரிமையாளர் மட்சுதாரோ ஷோரிகி, நாளிதழின் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் அமெரிக்க நட்சத்திர வீரர்களின் அணி ஒன்றை 1934ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானுக்கு வரவழைத்தார். பேப் ரூத், லூ கெஹ்ரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெஹ்ரிங்கர் ஆகியோர் அதில் இடம்பெற்றிருந்தனர். கானி மேக் அதன் மேலாளராக வந்தார்.

இவர்களை எதிர்க்க அணி திரட்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மாணவர்கள் தொழில்முறை வீரர்களுடன் விளையாடுவதற்கு ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1932இல் தடை விதித்திருந்தது. எனவே அனைத்து ஜப்பான் அணியில் சேர விரும்பிய மாணவர் பள்ளியை விட்டு விலக வேண்டியிருந்தது. சவாமுரா படிப்பை முடிக்காமலேயே விலகினார். பதினேழு வயது மாணவர் ஒருவர் பல்கலைக்கழக வாய்ப்பைக் கைவிட்டு, நாட்டில் இன்னும் உருவாகாத ஒரு தொழிலை நம்பி வெளியேறினார் என்பது அக்காலச் சூழலில் சிறிய முடிவன்று. பின்னாளில் இவருக்கு நேர்ந்தவற்றுள் சில இம்முடிவிலிருந்து தொடங்கின.

சுற்றுப்பயணத்தின்போது ஜப்பானிய அணி தொடர்ந்து தோல்வியடைந்தது. ரூத் மட்டும் 13 ஹோம் ரன்கள் அடித்தார். இந்நிலையில் நவம்பர் 20 அன்று ஷிசுவோக்கா நகரின் குசனாகி அரங்கில் நடைபெற்ற ஆட்டத்தில் சவாமுரா எறியாளராகக் களமிறங்கினார். முதல் இன்னிங்சில் கெஹ்ரிங்கர், ரூத் ஆகியோரையும், இரண்டாம் இன்னிங்சின் தொடக்கத்தில் கெஹ்ரிக், ஃபாக்ஸ் ஆகியோரையும் தொடர்ச்சியாக ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றினார். இந்நால்வரும் பின்னர் அமெரிக்க அடிபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். ஏழாம் இன்னிங்சில் கெஹ்ரிக் அடித்த ஒரேயொரு ஹோம் ரன்னால் ஜப்பான் 0–1 என்ற கணக்கில் தோற்றது. சவாமுரா எட்டு இன்னிங்சுகளில் 9 ஸ்ட்ரைக் அவுட்டுகளைப் பெற்று, 5 அடிகளை மட்டுமே விட்டுக்கொடுத்திருந்தார். வளைபந்து எறியும்போது இவர் தம்மையறியாமல் வாயைக் கோணுவதை அமெரிக்கர்கள் கண்டுகொண்டதாகவும், அதன் பின்னரே அந்த ஹோம் ரன் அடிக்கப்பட்டதாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது.

அந்த ஆட்டத்தின் மதிப்பு

தோல்வியில் முடிந்த இந்த ஆட்டம் ஜப்பானில் ஒரு வெற்றியைப் போலவே கொண்டாடப்பட்டது. எனினும் இதை மட்டும் கொண்டு சவாமுரா மேஜர் லீக்கில் நிலைத்திருப்பார் என்று முடிவு செய்வது பொருத்தமன்று. அன்று அரங்கில் தாழ்ந்திருந்த கதிரவனின் ஒளி மட்டையாளர்களின் கண்ணைக் கூச வைத்ததாகக் கூறப்படுகிறது. ரூத் அப்போது 39 வயதை எட்டியிருந்தார்; அவரது சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டன. பருவம் முடிந்து ஓய்வாகக் கப்பலேறி வந்த வீரர்களின் முனைப்பும் லீக் ஆட்டங்களில் காட்டுவதற்கு நிகரானது எனக் கொள்ள முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதே சுற்றுப்பயணத்தின் மற்ற ஆட்டங்களில் இதே மட்டையாளர்கள் சவாமுராவின் பந்துகளைப் பலமாக அடித்து நொறுக்கினர் என்பதாகும். பயணம் முழுவதிலும் இவரால் ஓர் ஆட்டத்திலும் வெற்றிபெற இயலவில்லை. ஜப்பானில் எழுதப்பட்ட பல நூல்கள் ஷிசுவோக்கா ஆட்டத்தை விரித்துரைத்துவிட்டு இதனைச் சுருக்கமாகக் கடந்துவிடுகின்றன.

மறுபுறம், கெஹ்ரிக் அதே ஆண்டில் அமெரிக்கன் லீக்கின் அடிச் சராசரி, ஹோம் ரன், ஈட்டிய ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றவர். அவரையும் மற்ற மூவரையும் பள்ளியிலிருந்து நேரே வந்த ஒருவர் தொடர்ந்து வெளியேற்றியதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கவும் இயலாது. பந்தின் வேகத்தை அளக்கும் கருவி அக்காலத்தில் இல்லாமையால் இவரது வேகம் குறித்து இன்று கூறப்படும் எண்கள் அனைத்தும் மதிப்பீடுகளேயாகும்.

அமெரிக்கப் பயணம்

அனைத்து ஜப்பான் அணியை அடிப்படையாகக் கொண்டு 1934 டிசம்பரில் தொழில்முறைக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. இதுவே பின்னாளைய யோமியூரி ஜயண்ட்ஸ் ஆகும். 1935இல் இவ்வணி அமெரிக்காவுக்குச் சென்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பங்கேற்று, பெரும்பாலானவற்றில் வென்றது. ஜயண்ட்ஸ் என்ற பெயர் லெஃப்டி ஓ'டூல் என்ற அமெரிக்க வீரரின் பரிந்துரையால் இப்பயணத்தின்போது வைக்கப்பட்டது. சவாமுரா இப்பயணத்தில் 20க்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றார். ஆனால் எதிரணிகள் மேஜர் லீக் அணிகள் அல்ல. சிறு லீக் அணிகளும் பகுதிநேர ஆட்டக்காரர்களின் அணிகளும் அமெரிக்கவாழ் ஜப்பானியர் அணிகளுமே. எனவே இவ்வெற்றிகளும் மேற்கூறிய கேள்விக்கு முழுமையான விடையாகா.

இப்பயணத்தின்போது ஒருவர் கையொப்பம் கேட்பவரைப் போல வந்து மேஜர் லீக் கழகம் ஒன்றின் ஒப்பந்தத் தாளில் இவரிடம் கையொப்பம் பெற முயன்றதாகக் கூறப்படுகிறது. உண்மையாகவே ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தாலும் தடைகள் இருந்தன. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்திருந்தது. சவாமுராவுக்கும் அங்கு வாழும் விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்நாட்டின் மொழியும் உணவும் பழக்கவழக்கங்களும் தமக்கு ஒத்துவரவில்லை என்ற கருத்தை அவர் பின்னர் இதழ் ஒன்றில் எழுதினார். புகழ்பெற்ற எறியாளர் ஒருவரின் வெற்றி தோல்வியைக் கையின் ஆற்றல் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இது ஒரு தொடக்ககாலச் சான்று.

தொழில்முறை வாழ்க்கை

1936இல் ஏழு அணிகளுடன் ஜப்பானியத் தொழில்முறை லீக் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று ஒசாக்கா டைகர்ஸ் அணிக்கு எதிராக, எதிரணிக்கு ஓர் அடியும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். நோ-ஹிட்டர் எனப்படும் இச்சாதனை ஜப்பானியத் தொழில்முறை ஆட்டத்தில் இதுவே முதன்முறையாகும். டிசம்பரில் அதே அணியுடன் நடைபெற்ற பட்டத் தீர்மானத் தொடரின் மூன்று ஆட்டங்களிலும் எறிந்து தம் அணிக்குப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

1937 வசந்தகாலப் பருவமே இவரது உச்சம். 24 வெற்றி, 4 தோல்வி, 196 ஸ்ட்ரைக் அவுட் என்ற கணக்குடன், தடுப்பாளர் பிழையால் வந்தவை நீங்கலாக ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக 0.81 ஓட்டம் மட்டுமே விட்டுக்கொடுத்தார். மே 1 அன்று மீண்டும் டைகர்ஸ் அணிக்கு எதிராக இரண்டாவது நோ-ஹிட்டரை எறிந்தார். லீக்கின் முதலாவது மதிப்புமிக்க வீரர் விருது இவருக்கு வழங்கப்பட்டது. இவரது வேகத்துக்குப் பழகுவதற்காக டைகர்ஸ் அணியினர் தம் பயிற்சி எறியாளர்களை வழக்கமான தொலைவிலிருந்து முன்னே வந்து எறியச் செய்தனர் என்பர். அவ்வாண்டின் இலையுதிர்காலப் பருவத்தில் இவரது கணக்கு 9 வெற்றி, 6 தோல்வி என்று இறங்கியது.

போர்க்காலம்

1938 சனவரியில் சவாமுரா இராணுவத்தில் சேர்க்கப்பட்டுச் சீனப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டாயப் படைச்சேவையைத் தள்ளிப்போடும் சலுகை இருந்தது. பள்ளியிலேயே படிப்பை விட்ட இவருக்கு அது இல்லை. புகழ்பெற்ற எறியாளர் என்பதால் படையில் இவர் கைக்குண்டு எறியப் பணிக்கப்பட்டார். அடிபந்து ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ளது. கைக்குண்டு அதைப் போலப் பல மடங்கு கனமானது. அவற்றை மீண்டும் மீண்டும் எறிந்ததால் இவரது வலத்தோள் சேதமுற்றது. போரில் இடக்கையிலும் காயமடைந்தார். மலேரியாவும் தாக்கியது.

1940இல் திரும்பி வந்தபோது தோளுக்கு மேலாகக் கையைச் சுழற்றி எறிய இவரால் முடியவில்லை. ஆகவே பக்கவாட்டில் எறியும் முறைக்கு மாறினார். வேகத்தை இழந்த பின்னரும், பந்தை விரும்பிய இடத்தில் இடும் திறனால் அவ்வாண்டு சூலை 6 அன்று நகோயா அணிக்கு எதிராக மூன்றாவது நோ-ஹிட்டரை எறிந்தார். விரைவுப் பந்தால் புகழ்பெற்றவர் அது இல்லாமலேயே பெற்ற இந்த வெற்றி, இவரது திறமை வெறும் வேகம் மட்டுமன்று என்பதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் வென்றிருக்கக்கூடும் எனக் கருதுவோருக்கு ஷிசுவோக்கா ஆட்டத்தைவிட இதுவே வலுவான சான்றாகும்.

1941இல் திருமணம் செய்துகொண்டார். அவ்வாண்டே இரண்டாம் முறையாகப் படைக்கு அழைக்கப்பட்டுப் பிலிப்பீன்சின் மிண்டனாவோ தீவுக்கு அனுப்பப்பட்டார். 1943இல் திரும்பியபோது பக்கவாட்டிலும் சரியாக எறிய இயலவில்லை. அப்பருவத்தில் ஒரு வெற்றியும் இன்றி மூன்று ஆட்டங்களில் தோற்றார். அக்டோபர் 24 அன்று நடைபெற்ற இவரது கடைசி ஆட்டத்தில் மாற்று மட்டையாளராகவே களமிறங்கினார். 1944 தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் கழகம் இவரை விடுவித்தது.

அவ்வாண்டு மூன்றாம் முறையாகப் படைக்கு அழைக்கப்பட்டார். டிசம்பர் 2 அன்று இவர் பயணம் செய்த ஹவாய் மாரு என்னும் கப்பல், கியூஷூவுக்குத் தெற்கே உள்ள யாகுஷிமா தீவை அடுத்த கடற்பகுதியில் சீ டெவில் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. தொழில்முறை லீக்கில் இவரது மொத்தக் கணக்கு 63 வெற்றி, 22 தோல்வி, 554 ஸ்ட்ரைக் அவுட்.

நினைவும் விருதும்

1947இல் ஜயண்ட்ஸ் கழகம் இவரது 14 என்ற சட்டை எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்தது. அதே ஆண்டில் சவாமுரா விருது ஏற்படுத்தப்பட்டது. 1959இல் ஜப்பானிய அடிபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். எறிந்த இன்னிங்சுகள், முழுமையாக முடித்த ஆட்டங்கள் போன்றவற்றுக்கு இவ்விருதில் முக்கியத்துவம் தரப்படுகிறது. தகுதியானவர் இல்லையெனில் எவருக்கும் வழங்கப்படுவதில்லை. 2019, 2024ஆம் ஆண்டுகளில் அவ்வாறே நிகழ்ந்தது.

மேஜர் லீக்கில் விளையாடிய முதல் ஜப்பானியர் மசனோரி முரகாமி ஆவார். இவர் 1964இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்காக எறிந்தார். சவாமுரா விருது பெற்று அமெரிக்கா சென்றவர்களின் கதைகள் பலவிதமானவை. 1990இல் விருது பெற்ற ஹிதேயோ நோமோ, 1995இல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரராகத் தேர்வு பெற்றார். 2001இல் பெற்ற தைசுகே மட்சுசாகாவுடன் பேச்சு நடத்தும் உரிமைக்கு மட்டும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 5.1 கோடி டாலருக்கு மேல் கேட்பு விலை வைத்தது. அவர் 2008இல் 18 வெற்றிகள் பெற்றார், பின்னர் காயங்களால் தளர்ந்தார். 2003இல் பெற்ற கெய் இகவா நியூயார்க் யாங்கீஸ் அணியில் இரண்டு வெற்றிகளை மட்டுமே ஈட்டினார். 2021 முதல் 2023 வரை மும்முறை தொடர்ந்து பெற்ற யோஷினோபு யமமோட்டோ, 2025 உலகத் தொடரில் மதிப்புமிக்க வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஷிசுவோக்காவின் குசனாகி அரங்கில் சவாமுரா, பேப் ரூத் ஆகிய இருவரின் சிலைகளும் நிறுவப்பட்டுள்ளன.