இல்லமே ஆலயம் - ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் நித்திய வழிபாடு

ஆலயத்திற்குக் கும்பாபிஷேகம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. கருவறையில் விளக்கேற்றுவதும், திருமஞ்சனம் செய்வதும், அமுது படைப்பதும் நாள்தோறும் நடைபெற வேண்டியவை. பெருவிழாவின் பயன் நித்திய பூஜையிலேதான் நிலைபெறுகிறது. மனித வாழ்வும் அத்தகையதே அன்றோ! குடும்பப் பொறுப்புக்கள் தீரட்டும், ஓய்வு வரட்டும், அதன் பின்னர் இறைவனை நினைப்போம் என்று தள்ளிவைப்பவர் நம்மில் பலர். அவ்வாறு தள்ளிவைக்காமல், அன்றாட வாழ்வையே வழிபாடாகவும், அவ்வழிபாட்டையே இசையாகவும் ஆக்கிக்கொண்ட மகான் ஒருவரின் சரிதத்தை இம்மங்கல வேளையிலே சிந்திப்பது மிகவும் பொருத்தமாகும். அவரே திருவையாற்றில் வாழ்ந்த ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள்.

ஸ்வாமிகள் 1767ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் திருவாரூரில் அவதரித்தார். தந்தையார் ராமப்பிரம்மம், தாயார் சீதம்மா. அத்தலத்து இறைவராகிய தியாகேசப் பெருமானின் திருநாமமே குழந்தைக்குச் சூட்டப்பெற்றது. தந்தையார் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். தாயாரோ புரந்தரதாசர், பத்ராசல ராமதாசர் ஆகியோரின் கீர்த்தனங்களைப் பாடிக்கொண்டே வீட்டுப் பணிகளைச் செய்பவர் என்பர். ஆகவே அக்குழந்தைக்கு இசையும் பக்தியும் முதலில் வாய்த்த இடம் அன்னையின் அடுக்களையும் தந்தையின் பூஜையறையுமே.

குடும்பம் திருவையாற்றுத் திருமஞ்சன வீதியிலே குடியேறியது. அங்கே தஞ்சைச் சமஸ்தான வித்துவானாகிய சொண்டி வேங்கடரமணய்யரிடம் ஸ்வாமிகள் முறையாகச் சங்கீதம் பயின்றார். தந்தையார் பூஜித்துவந்த ராம விக்கிரகங்கள் பின்னாளில் அவருடைய பொறுப்பில் வந்தன. அவற்றையே தாம் பெற்ற பெருஞ்செல்வமாக அவர் போற்றினார்.

இனி அவருடைய அன்றாட வாழ்வைக் காண்போம். விடியற்காலையில் காவிரியில் நீராடுவார். நியமங்களை முடித்து, இராமனை ஆராதிப்பார். பின்னர்த் தோளில் தம்பூரும் கையில் செம்பும் கொண்டு, ஹரிநாமம் பாடியவண்ணம் திருவையாற்று வீதிகளிலே உஞ்சவிருத்தி செய்து வருவார். இல்லந்தோறும் அன்பர்கள் ஒரு பிடி அரிசியைச் செம்பிலே இடுவார்கள். அன்றைக்குச் சேர்ந்த அரிசியே அன்றைய நைவேத்தியம். அதுவே குடும்பத்தாருக்கும் சீடர்களுக்கும் உணவு. நாளைக்கென்று சேர்த்துவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஏகாதசி இரவுகளில் விடிய விடியப் பஜனை நடைபெறும். இவற்றுக்கிடையே ராமநாம ஜபம் இடைவிடாது நிகழ்ந்தது. 96 கோடி நாமங்களை 21 ஆண்டுகளில் அவர் ஜபித்து முடித்தார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் செய்தி. அவ்வாறாயின் நாள் ஒன்றுக்கு 1,25,000 நாமங்கள் ஆகின்றன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் மனம் சலித்துப்போகும் என்பது உலகத்தார் அனுபவம். ஸ்வாமிகளுக்கோ அதுவே கற்பனையின் ஊற்றாயிற்று. சங்கீத உலகிற்கு அவர் தந்த அருங்கொடைகளுள் ஒன்று சங்கதி என்னும் முறை. பல்லவியின் ஒரே வரியைப் பலமுறை பாடும்போது, சொல் மாறாமல் ஸ்வரம் மட்டும் சிறிது சிறிதாக விரிந்து, ஒவ்வொரு முறையும் புதிய அழகுடன் தோன்றும். இவ்வழக்கத்தை வளர்த்துச் செழிப்பித்தவர் அவரே என்பர். அவருடைய வாழ்வும் சங்கதிகள் நிறைந்த ஒரு கீர்த்தனையே. அதே காவிரி, அதே வீதி, அதே செம்பு, அதே இராமன்; ஆயினும் நாளுக்கொரு பாவம், நாளுக்கொரு ராகம். அவ்வாறு பிறந்தவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 700.

அவற்றுள் பெரும்பகுதி எளிய தெலுங்கில் அமைந்தவை. பேரவையில் புகழ் பெறுவதற்காக அவை எழவில்லை. பல கீர்த்தனங்களில் அவர் தம் மனத்தையே முன்னே நிறுத்தி விசாரிக்கிறார், கண்டிக்கிறார், தேற்றுகிறார். ஆத்ம விசாரத்திற்கென்று அவர் காட்டுக்குச் செல்லவில்லை. வீட்டுத் திண்ணையிலே, வீதி நடையிலே, பூஜையின் நடுவிலே அது நிகழ்ந்தது.

அவருடைய உத்ஸவ சம்பிரதாயக் கீர்த்தனங்களோ இல்லறத்தாருக்குக் கிடைத்த பெருநிதி. பெருமானைத் துயிலெழுப்புதல், உபசரித்தல், அமுது செய்வித்தல், தாம்பூலம் அளித்தல், ஊஞ்சலில் தாலாட்டுதல், மங்களம் பாடித் துயில்வித்தல் என ஒரு நாளின் செயல்கள் எல்லாம் அங்கே பாட்டாகியுள்ளன. தாய் தன் குழந்தைக்குச் செய்யும் பணிகள் இவையே அல்லவா! செயல் சிறிதாயினும், அதை யாருக்காகச் செய்கிறோம் என்னும் நினைவு கலந்தால் அது பூஜையாகிவிடுகிறது.

இத்தகைய வாழ்வுக்குச் சோதனைகள் வாராமல் இல்லை. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கல்வியையும் கலைகளையும் போற்றிய பெருந்தகை. அவர் ஸ்வாமிகளைப் பொன்னும் பொருளும் தந்து அரசவைக்கு அழைத்ததாகவும், ஸ்வாமிகள் அதனை ஏற்கவில்லை என்றும் கூறுவர். செல்வத்தையும் இறைவன் சந்நிதியையும் எதிரெதிரே வைத்துத் தம் மனத்தை வினவும் கல்யாணி ராகக் கீர்த்தனை அப்போது பிறந்ததென்பது கர்ணபரம்பரை. மன்னரை இகழ்ந்து அவர் மறுத்தாரில்லை. இராமனுக்கென்று அமைந்த தம் நாட்களைப் பிறருக்கு அளிக்க அவர் மனம் ஒருப்படவில்லை.

வீட்டிலும் அமைதி குலைந்தது. தம்பியின் திறமை பொருளாகவில்லையே என்று வெகுண்ட தமையனார், ராம விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்துவிட்டார் என்று சரித்திரக்காரர் எழுதுவர். பிரிவினால் ஸ்வாமிகள் உருகியதும், விக்கிரகங்கள் மீண்டும் கிடைத்தபோது ஆனந்தித்ததும் கீர்த்தனங்களாகவே வெளிப்பட்டன என்பர். துன்பம் நேர்ந்த நாளிலும் அவருடைய வழிபாடு நிற்கவில்லை. அன்று கண்ணீரே திருமஞ்சனம் ஆயிற்று.

முதுமையில் அவர் காஞ்சி, திருப்பதி, கோவூர், திருவொற்றியூர் முதலிய தலங்களுக்கு யாத்திரை சென்றார். கோவூரிலும் திருவொற்றியூரிலும், லால்குடி, ஸ்ரீரங்கம் ஆகிய தலங்களிலும் உறையும் மூர்த்திகள்மீது அவர் இயற்றிய பஞ்சரத்தினங்கள் உள்ளன. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர், உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர், தில்லைஸ்தானம் ராமய்யங்கார் முதலிய சீடர்கள் அவருடைய இசையைப் போற்றிக் காத்தனர். இறுதியில் துறவறம் மேற்கொண்டு, 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று, ஸ்வாமிகள் இராமன் திருவடியில் கலந்தார். காவிரிக்கரையில் அவருடைய சமாதி அமைந்தது.

காலப்போக்கில் அச்சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் இசையரசி அதுகண்டு மனம் நைந்து, தம் பொருளையெல்லாம் அளித்து 1920களில் அங்கே ஆலயம் எழுப்பினார். 1952இல் அவர் மறைந்தபின் அவருக்கும் அதன் எதிரிலேயே சமாதி அமைந்தது. ஆண்டுதோறும் ஆராதனையின்போது திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்திப் பஜனை இன்றும் புறப்படுகிறது.

திருப்பணிக்கு வாரி வழங்கிய நாகரத்தினம்மாளின் பெயரை உலகம் அறியும். ஸ்வாமிகளின் செம்பிலே நாள்தோறும் ஒரு பிடி அரிசி இட்ட இல்லத்தரசிகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அந்த அரிசி இல்லையேல் நைவேத்தியம் ஏது? அந்த 700 கீர்த்தனங்களிலும் அவர்கள் இட்ட அன்னத்தின் மணம் கலந்தேயிருக்கிறது. கோபுரத்துக்குப் பொன் அளித்தவரும், விளக்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் வார்த்தவரும் இறைவன் திருமுன்னர் ஒருநிகரே.

மெய்யன்பர்களே! இன்று கலசங்களில் வார்த்த தீர்த்தம் நாளை உலர்ந்துவிடும். நாம் மேற்கொள்ளும் சிறு நியமம் உலராது. காலையில் ஒரு விளக்கு, உலை வைக்கும்போது ஒரு நாமம், உறங்குமுன் மனத்தோடு ஒரு விசாரணை, இயன்றபோது ஒரு பாட்டு. இவை எவருக்கும் எளியவை. இவற்றை நாள்தோறும் செய்துவரின் இல்லந்தோறும் கும்பாபிஷேகம் நிகழும். அதற்கு எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.

சுபம்.