கல்விக்காக வாழ்ந்த பேகம் ரொகேயா

சொத்தில் பங்கு, மஹர், திருமணத்தில் சம்மதம் தெரிவிக்கும் உரிமை ஆகியவற்றை நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண்களுக்கு வழங்கிவிட்டது என்று மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். அது உண்மையே. ஆனால், வழங்கப்பட்ட உரிமை உரியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், பல காலங்களில் நாம் தலைகுனியவே வேண்டியுள்ளது. கல்வி எனும் உரிமையை வங்காள முஸ்லிம் பெண்களிடம் கொண்டு சேர்க்கத் தம் வாழ்நாளையே செலவிட்டவர் பேகம் ரொகேயா சகாவத் ஹுசைன் அம்மையார்.

1880ஆம் ஆண்டு, இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் பகுதியிலுள்ள பைராபந்த் கிராமத்தில் ஜமீன்தார் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஆண்மக்கள் கல்கத்தாவுக்குச் சென்று பயின்றனர். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆன் ஓதுவதும் சிறிது உருதுவும் போதுமெனக் கருதப்பட்டது. வீட்டார் உறங்கிய பின்னர், மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். வங்காள மொழி பயில மூத்த சகோதரி கரீமுன்னிஸா துணைநின்றார்.

பாகல்பூரில் அரசு அதிகாரியாகப் பணியாற்றிய சையித் சகாவத் ஹுசைன் அவர்களுக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். வயதில் மிக மூத்தவராயினும் பரந்த உள்ளம் படைத்த அக்கணவர், மனைவியை எழுதத் தூண்டினார். 1905இல் ரொகேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை, நம் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழொன்றில்தான் முதன்முதலில் இடம்பெற்றது.

1909இல் கணவர் காலமானார். பிறந்த இரு பெண் மகவுகளும் முன்பே மண்ணுக்குள் சென்றுவிட்டன. பெண் கல்விக்கெனக் கணவர் ஒதுக்கிச் சென்ற பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, சில மாதங்களிலேயே ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்தில் எழுந்த சொத்துத் தகராறால் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. எனினும் மனம் தளராமல், 1911 மார்ச் 16 அன்று கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அப்பள்ளியை மீண்டும் திறந்தார்.

வீடுவீடாகச் சென்று, பெண்பிள்ளைகளை அனுப்புமாறு பெற்றோரிடம் மன்றாடினார். பர்தாவுக்குக் குறைவு வராது என உறுதியளித்து, முற்றிலும் மூடப்பட்ட வண்டியில் அவர்களை அழைத்துவரச் செய்தார். காற்றும் வெளிச்சமுமின்றிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். திறப்பு வைத்துத் திரைச்சீலை தொங்கவிட்டால், அது காற்றில் அசைவதால் பர்தா குலைகிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன. இருதரப்பையும் பொறுமையுடன் சமாளித்தே அவர் பள்ளியை நடத்தினார். 1916இல் பெண்களுக்கென 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்ற சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்கு உதவினார்.

அவரை எதிர்த்தோரில் பலர் மார்க்கத்தின் பெயராலேயே எதிர்த்தனர் என்பதை, மார்க்கப் பணியில் இருக்கும் நாம் மறைக்கலாகாது. அவரோ, கல்வி ஆண், பெண் இருபாலார் மீதும் கடமை என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையையே அவர்கள் முன் எடுத்துவைத்தார்.

1932 டிசம்பர் 9 அன்று அவர் மறைந்தார். அப்போது பெண்களின் உரிமை பற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறாமல் இருந்தது. அவர் நிறுவிய பள்ளி இன்று அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் நடைபெறுகிறது.

ஜமாஅத்தார்களே! இவ்வறிக்கையின் வரவு செலவுக் கணக்கைப் பார்வையிடும் நாம், நம் மஹல்லாவில் எத்தனைப் பெண்பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுபோயிற்று என்ற கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அந்த அம்மையார் முடிக்காமல் விட்டுச்சென்ற கட்டுரையின் எஞ்சிய பகுதி நம் வீடுகளில்தான் எழுதப்பட வேண்டும். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் துணைபுரிவானாக! ஆமீன்.