ஓட்டையைத் தேடிய டாக்டர்

ஜேம்ஸ் வாட், எடிசன், சர்.சி.வி. ராமன் என்று எழுதி எழுதி நமக்கே அலுத்துவிட்டது. இந்த வருட மலருக்கு ஒரு கண் டாக்டரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், பாலிடெக்னிக் மலரில் டாக்டருக்கு என்னப்பா வேலை என்று சிரித்தார்கள். படித்துப் பாருங்கள், இவர் நம்ம ஆளுதான்!

ஜூல்ஸ் கோனின் 1870 ஆகஸ்ட் 10 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பிறந்தார். மருத்துவம் முடித்ததும், அவ்வூரில் பெயர்பெற்ற கண் மருத்துவர் மார்க் டுஃபோரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் மனதைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு நோய்: விழித்திரை கழன்று போவது.

பழைய கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் கண்ணுக்குள் இருப்பது விழித்திரை. ஈரச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வருமே, அதுபோல இந்தத் திரை சுவரை விட்டுக் கழன்று வந்துவிடும். முதலில் கண்ணுக்குள் மின்னல் வெட்டும், கரும்புள்ளிகள் மிதக்கும். பிறகு ஓரத்திலிருந்து படுதா இறங்குவதுபோலப் பார்வை போகும். அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? தலையை அசைக்காமல் வாரக்கணக்கில் படுக்கவைப்பது, வியர்க்க வைப்பது, உப்பைக் குறைப்பது. 1912-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் சக டாக்டர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தார். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் குணமாகியிருந்தது.

கோனின் வைத்தியத்தில் அவசரப்படவில்லை. முதலில் காரணத்தைத் தேடினார். நோயுற்ற கண்களை மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வருடக்கணக்கில் பார்த்தார். கண்ணை நிரப்பியிருக்கும் பாகு போன்ற பொருள் சுருங்கும்போது திரையைப் பிடித்து இழுக்கிறது. திரை கிழிகிறது. கிழிசல் வழியே நீர் பின்னால் புகுந்து திரையைத் தள்ளுகிறது. 1904-லேயே இதை எழுதிவிட்டார். ஓட்டை இருப்பதை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். ஆனா அதுதான் மூல காரணம், அதை அடைக்காமல் வேறு எது செய்தும் பிரயோஜனமில்லை என்று விடாப்பிடியாக நின்றவர் இவர்தான்.

சைக்கிள் டியூபில் பஞ்சர் எங்கே என்று தெரியாமல் பேட்ச் ஒட்ட முடியுமா? டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கலாம், கண்ணை எப்படி முக்குவது! கோனின் கருவியால் கண்ணுக்குள் பார்த்து, ஓட்டை கடிகாரத்தில் எத்தனை மணி திசையில் இருக்கிறது, திரையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவார். அதே இடத்தை வெளியே வெள்ளை விழியில் குறித்துக்கொள்வார். ஒர்க்‌ஷாப்பில் நாம் டிரில் போடும் முன் மார்க்கிங் செய்கிறோமே, சாட்சாத் அதேதான். பிறகு அங்கே கத்தியால் சின்னதாகக் கீறி, தேங்கிய நீரை வெளியேற்றி, பழுக்கக் காய்ச்சிய முனையை உள்ளே செலுத்துவார். சுட்ட புண் ஆறும்போது திரையும் சுவரும் ஒட்டிக்கொள்ளும்.

1920 வாக்கில் இதை வெளியுலகுக்குச் சொன்னபோது பலர் நம்பவில்லை. கண்ணுக்குள் நெருப்பா என்று பயந்தார்கள். இடத்தைச் சரியாகக் கணக்கிடாமல் சுட்டுப் பார்த்தவர்கள் தோற்றுவிட்டு, முறையையே குறை சொன்னார்கள். அந்த வருடங்களை அவர் எப்படித்தான் தாங்கினாரோ! 1929-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச கண் மருத்துவ மாநாட்டில்தான் உலகம் ஒப்புக்கொண்டது. ஆயிரத்தில் ஒன்று என்றிருந்தது ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆனது.

எல்லாக் கிழிசலும் சூட்டுக்கு மசிவதில்லை. சில கண்களில் திரையின் மேல் தழும்புச் சவ்வு வளர்ந்து சுருங்கி, ஒட்டியதையும் பிய்த்துவிடும். இந்த மாதிரி சிக்கலான கண்களுக்கு 1962-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பால் சிபிஸ் என்ற டாக்டர் சிலிகான் எண்ணெயைக் கொண்டுவந்தார். என் பெரியப்பாவின் கண்ணிலும் இந்த எண்ணெய்தான் வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொன்னதும் மனுஷன் கோபத்தில் சாப்பிடவே மாட்டேன் என்றுவிட்டார். காரணம் தேடித்தான் நான் கோனின் வரை போனேன். எண்ணெயின் ஒப்படர்த்தி 0.97, தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் மேலே மிதக்கும். குப்புறப் படுத்தால் கண்ணின் பின்சுவர் மேலே வருகிறது, எண்ணெய் எழும்பித் திரையை அதன்மேல் அழுத்துகிறது. பெரியப்பாவுக்கு இதை ஒரு டம்ளர் தண்ணீரில் நல்லெண்ணெய் விட்டுக் காட்டினேன். அப்புறம்தான் சாப்பிட்டார்.

எண்ணெய் ஓட்டையை ஒட்டுவதில்லை, ஒட்டும்வரை கிளாம்ப் போலப் பிடித்துக்கொள்கிறது, அவ்ளோதான். ஓட்டையைத் தேடி அதைச் சுற்றி லேசரால் சுடும் வேலை அப்படியே இருக்கிறது. எண்ணெய் உள்ளே ரொம்ப நாள் இருந்தால் கண்புரை வரும், கண் அழுத்தம் ஏறும். ஆகவே பெரும்பாலும் சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள்.

கோனின் தன் அனுபவம் முழுவதையும் 1934-ல் புத்தகமாக்கினார். அடுத்த வருடமே, 1935-ல், 64 வயதில் மறைந்தார். அவர் பெயரிலான பதக்கம் கண் மருத்துவர்களுக்கு வழங்கப்படுகிறது. லொசான் கண் ஆஸ்பத்திரிக்கும் அவர் பெயர்தான்.