ஆர்தர் பியர்சன்

சர் சிரில் ஆர்தர் பியர்சன் (பெப்ரவரி 24, 1866 - டிசம்பர் 9, 1921) இங்கிலாந்தைச் சேர்ந்த பத்திரிகை அதிபரும் பதிப்பாளரும் ஆவார். டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழைத் தொடங்கியவர் இவரே. நடுவயதில் பார்வையை இழந்த இவர், முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காகச் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவினார். பார்வையிழந்தோருக்குத் தேவைப்படுவது இரக்கமன்று, பயிற்சியே என்பது இவரது கொள்கையாகும்.

இளமையும் பத்திரிகைப் பணியும்

பியர்சன் சாமர்செட்டில், வெல்ஸ் நகருக்கு அருகிலுள்ள வூக்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை ஒரு மதகுரு. 1884 இல் டிட்-பிட்ஸ் வார இதழ் நடத்திய போட்டியில் வென்று, பரிசாக அவ்விதழின் அலுவலகத்திலேயே எழுத்தர் பணி பெற்றார். 1890 இல் அங்கிருந்து விலகிப் பியர்சன்ஸ் வீக்லி என்னும் சொந்த வார இதழைத் தொடங்கினார். 1900 இல் டெய்லி எக்ஸ்பிரஸ் வெளிவந்தது. முதல் பக்கத்தை விளம்பரங்களுக்கு ஒதுக்குவது வழக்கமாக இருந்த அக்காலத்தில், இந்நாளிதழ் அப்பக்கத்தில் செய்திகளை வெளியிட்டது. 1904 இல் ஸ்டாண்டர்டு நாளிதழையும் பியர்சன் விலைக்கு வாங்கினார்.

பார்வை இழப்பு

பியர்சனைக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) தாக்கியது. இந்நோய் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைப்பது; இதனால் இழந்த பார்வையை மீட்க இயலாது. 1908 இல் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை பலனளிக்கவில்லை. 1910 முதல் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்ட இவர், பின்னர் முழுமையாகப் பார்வையை இழந்தார். ஆயினும் ஓய்ந்திருக்கவில்லை. பிரெயில் எழுத்தைக் கற்றார். பிறர் துணையின்றி அன்றாடப் பணிகளைச் செய்யப் பழகினார். 1914 இல் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் தலைவரானார். இவரது முயற்சியால் அதன் வருவாய் பன்மடங்கு பெருகியது.

செயின்ட் டன்ஸ்டன்ஸ்

1914 இல் தொடங்கிய போரில் வெடிகுண்டுச் சிதறல்களாலும் துப்பாக்கிக் குண்டுகளாலும் இளைஞர் பலர் பார்வையிழந்தனர். அவர்களுக்கு உதவ 1915 சனவரியில் பியர்சன் ஒரு குழுவை அமைத்தார். முதலில் பேஸ்வாட்டர் சாலையில் ஒரு வீட்டில் இயங்கிய இல்லம், மார்ச்சு மாதத்தில் இலண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் இருந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் மாளிகைக்கு மாறியது. வங்கியாளர் ஓட்டோ கான் அம்மாளிகையை வழங்கியிருந்தார்.

மருத்துவமனையில் கிடந்த வீரர்களைப் பியர்சன் நேரில் சென்று சந்தித்தார். பார்வையற்ற ஒருவரே வந்து நம்பிக்கையூட்டியது அவர்களிடம் மாற்றத்தை ஏற்படுத்தியது. முட்களைத் தடவி நேரம் அறியும் கடிகாரம் ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்டது. நேரத்தைப் பிறரிடம் கேட்க வேண்டாத நிலையே தற்சார்பின் முதற்படியாக அமைந்தது.

இல்லத்தில் பிரெயில், தட்டச்சு, கூடை முடைதல், பாய் பின்னுதல், காலணி செப்பனிடுதல், தச்சு, கோழி வளர்ப்பு, உடல் பிடித்துவிடும் சிகிச்சை, தொலைபேசி இணைப்புப் பணி ஆகியன கற்பிக்கப்பட்டன. ஆசிரியர்களில் சிலரும் பார்வையற்றவர்களே. படகு வலித்தலும் நடனமும் பயிற்சியில் இடம்பெற்றன. பயிற்சி முடித்துச் சென்றவர்களுக்கு மூலப்பொருள் வாங்கவும் செய்த பொருள்களை விற்கவும் இல்லம் தொடர்ந்து உதவியது.

இப்பணிக்காக 1916 இல் பியர்சனுக்குப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. இல்லத்தின் அனுபவங்களை 1919 இல் நூலாக வெளியிட்டார்.

போருக்கு வெளியே

செயின்ட் டன்ஸ்டன்ஸ் உதவி படைவீரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நோயாலும் தொழிற்சாலை விபத்துகளாலும் பார்வையிழந்த பொதுமக்களுக்கு இத்தகைய வாய்ப்புக் கிடைக்கவில்லை. தருமத்தை அன்றி நீதியைக் கோரி, பார்வையற்ற தொழிலாளர்கள் 1920 ஏப்பிரலில் இலண்டனுக்கு நடைப்பயணமாக வந்தனர். அவ்வாண்டு இயற்றப்பட்ட பார்வையற்றோர் சட்டம், அவர்களுக்கான ஓய்வூதிய வயதை 70 இலிருந்து 50 ஆகக் குறைத்தது. நன்கொடையால் நடக்கும் இல்லங்களோடு நில்லாமல், பார்வையற்றோர் நலனில் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இச்சட்டம் பொறுப்பளித்தது.

மறைவும் தாக்கமும்

பியர்சன் 1921 டிசம்பர் 9 அன்று தம் வீட்டுக் குளியலறையில் தவறி விழுந்து, நினைவிழந்து, நீரில் மூழ்கி இறந்தார். போரில் பார்வையிழந்து இவ்வில்லத்தில் பயின்ற இயன் பிரேசர் அடுத்த தலைவரானார். இந்நிறுவனம் 2012 முதல் பிளைண்ட் வெட்டரன்ஸ் யூ.கே. என்னும் பெயரில் இயங்குகிறது.

1915 இல் கலிப்பொலியில் பார்வையிழந்த நியூசிலாந்து வீரர் குளூதா மெக்கன்சியும் இங்குப் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக 1943 இல் தேராதூனில் தொடங்கப்பட்ட செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியை இவர் வழிநடத்தினார். அவ்விடுதியே பின்னர் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்தது. பிரெயில் முறைகளை ஒருங்கிணைக்கும் யுனெஸ்கோவின் முயற்சியிலும் மெக்கன்சி பங்கேற்றார். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951 இல் ஏற்கப்பட்டது.