கால்பந்தாட்டப் பேராசான் ஸெப் ஹெர்பெர்கர்

நம் சங்கத்து ஆண்டு விழா மலர்களில் புலவர் பெருமக்கள், நாட்டுத் தலைவர்கள், விஞ்ஞானிகள் ஆகியோரின் வரலாறுகளைப் படித்து மகிழ்ந்திருக்கிறோம். இம்முறை ஆடுகளத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்துகொண்டோம். காலனி மைதானத்தில் மாலைதோறும் பந்துதைக்கும் நம் பிள்ளைகளுக்கு இக்காலத்து ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் பெயர்களெல்லாம் மனப்பாடம். ஆயின் ஆடுவோரைப் பின்னின்று ஆட்டுவித்த ஆசிரியர்களை அவர்கள் அறியார். ஐந்து கோல் வித்தியாசத்தில் தம் அணியை முறியடித்த ஒரு பேரணியைப் பதினான்கே நாட்களில் உலகம் காண வென்று காட்டிய ஜெர்மானியர் ஸெப் ஹெர்பெர்கரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹெர்பெர்கர் 1897-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த வால்ட்ஹாப் என்னும் பகுதியில் பிறந்தார். பெற்றோருக்கு ஆறு மக்கள், இவரே கடைக்குட்டி. அங்கிருந்த கண்ணாடித் தொழிற்சாலை தன் தொழிலாளருக்கென்று ஒரு குடியிருப்பைக் கட்டியிருந்தது. அதில்தான் இவருடைய குடும்பம் வாழ்ந்தது. ஒரே மாதிரியான வீடுகள், ஒரே சங்கொலிக்கு எழுந்து புறப்படும் ஆடவர், வீட்டுக்கு வீடு தெரிந்த வரவு செலவு, இவற்றையெல்லாம் காலனிவாசிகளாகிய நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1909-இல் தந்தையார் காலமானார். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் படிப்பு அதற்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. பள்ளியை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குச் சென்றான். ஓய்ந்த நேரமெல்லாம் பந்தாட்டம்.

வால்ட்ஹாப் கழகத்தின் முன்னணி ஆட்டக்காரராக வளர்ந்த ஹெர்பெர்கர் 1921-க்கும் 1925-க்கும் இடையே ஜெர்மன் நாட்டு அணிக்காக மூன்று முறை ஆடினார். பின்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். அக்காலத்து ஜெர்மனியில் ஆட்டத்துக்குக் காசு வாங்குவது குற்றம். மற்றொரு கழகம் தந்த பணத்தைப் பெற்றுக்கொண்டமைக்காக இவர் தடை செய்யப்பட்டார். பின்னர் அத்தடை ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. வறுமையில் வளர்ந்தவர் கை நீட்டியது வியப்பன்று. எனினும் இவர் முழுதும் மாசற்ற மனிதர் என்று எண்ணிக்கொண்டு எவரும் மேலே படிக்க வேண்டா.

உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதிருந்தும் பெர்லின் நகரத்து உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் பெற்று 1930-இல் தேர்ச்சியடைந்தார். மெட்ரிகுலேஷனோடு உத்தியோகத்தில் அமர்ந்த நம் போன்றோர்க்கு இச்செய்தி இனிக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் நேரில் காண ஜெர்மனி அணி நார்வேயிடம் தோற்றது. அதனைத் தொடர்ந்து நாட்டு அணியின் பயிற்சிப் பொறுப்பு ஹெர்பெர்கரிடம் வந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. 1933-ஆம் ஆண்டிலேயே அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். கொள்கைப் பற்றினாலன்று, பதவி கருதியே சேர்ந்தார் என்பர் அவர் வரலாற்றை எழுதினோர். போருக்குப்பின் நடந்த விசாரணையும் அவரைக் கூட்டத்தோடு சென்றவர் என்ற வகையிலேயே சேர்த்தது. தம் ஆட்டக்காரர்களைப் பயிற்சி முகாமுக்கென அழைத்துக் கொண்டு போர்முனைக்குச் செல்லவிடாமல் காக்க அவர் முயன்றதும் உண்மையே. ஆயினும் அக்கொடுங்கோலாட்சியை எதிர்த்து அவர் ஒரு சொல் சொன்னதாக நாம் எங்கும் படித்ததில்லை. திறமை வேறு, நெஞ்சுரம் வேறு.

அவர் காக்க முயன்ற ஆட்டக்காரர்களுள் தலையாயவர் பிரிட்ஸ் வால்ட்டர். 1940-இல் இருபது வயது நிரம்பாத இளைஞராக நாட்டு அணியில் நுழைந்தவர். போர் முடிவில் இவர் ருஷியர் கையில் சிறைப்பட்டார். முகாமில் ஒருநாள் காவலர்களோடு பந்து விளையாடியபோது ஹங்கேரிக் காவலர் ஒருவர் இவரை அடையாளம் கண்டுகொண்டதால், தொலைதூரச் சிறைக்குச் செல்லும் பட்டியலிலிருந்து தம் பெயர் நீங்கிற்று என்று வால்ட்டரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அவர்தாம் 1954-இல் அதே ஹங்கேரியை எதிர்த்து ஜெர்மானிய அணிக்குத் தலைமை தாங்கினார்.

போருக்குப்பின் ஜெர்மனி சில ஆண்டுகள் உலகக் கால்பந்தாட்ட அமைப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. 1950-இல்தான் மேற்கு ஜெர்மனி மீண்டும் பிற நாட்டோடு ஆட முடிந்தது. மீண்டும் ஹெர்பெர்கரே பயிற்சியாளர். நான்கு ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்தில் உலகக் கோப்பைப் போட்டி. ஆட்டமே தொழிலாகக் கொண்ட அணிகளை, வேறு பிழைப்பும் உடையவர்களைக் கொண்டு அவர் எதிர்க்க வேண்டியிருந்தது.

அந்நாளில் உலகை அச்சுறுத்திய அணி ஹங்கேரி. புஷ்காஷ், கோச்சிஷ், ஹிடெகுட்டி, சிபோர் என்னும் பெயர்களைக் கேட்டாலே கோல் காவலர்கள் நடுங்கினர். 1950-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து அவ்வணி தோல்வியே காணவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம். 1953 நவம்பரில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்றும், அடுத்த மே மாதம் புடாபெஸ்ட்டில் 7-1 என்றும் வீழ்த்தியது. இவ்வளவு கோல்கள் எவ்வாறு விழுந்தன? அணியின் சென்டர் பார்வர்டு எனப்படுபவர் எதிரியின் கோலுக்கு முன் நிற்பதுதான் அக்கால வழக்கம். அவரைக் காவல் செய்வதற்கென்றே எதிரணியில் ஒரு சென்டர் ஹாப் இருப்பார். ஹங்கேரியின் ஹிடெகுட்டியோ அவ்விடத்தில் நிற்காது பின்னே இறங்கி ஆடினார். காவலர் அவரைத் தொடர்ந்து சென்றால் நடுவில் வாசல் திறந்துவிடும். புஷ்காஷும் கோச்சிஷும் அதில் புகுவர். தொடராது நின்றாலோ ஹிடெகுட்டி தடையின்றிப் பந்தைப் பெற்று விரும்பிய பக்கம் அனுப்புவார். இப்புதிருக்கு இங்கிலாந்தார் இருமுறையும் விடை காணவில்லை.

1954 போட்டியில் ஹங்கேரி, துருக்கி, மேற்கு ஜெர்மனி, தென் கொரியா ஆகிய நான்கும் ஒரே பிரிவில் அமைந்தன. விதி விசித்திரமானது. பிரிவுக்கு இரண்டு அணிகள் முன்னணியினவாகக் குறிக்கப்பட்டன. அவை தமக்குள் ஆடமாட்டா. மற்ற இரண்டும் தமக்குள் ஆடமாட்டா. இரண்டாம் இடத்துக்கு இரு அணிகள் சமப் புள்ளி பெற்றால் கோல் கணக்குப் பார்க்கப்படாது. இன்னொருமுறை மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இவ்விதியை ஹெர்பெர்கர் எழுத்தெண்ணிப் படித்தார். ஜூன் 17-இல் துருக்கியை 4-1 என வென்றாயிற்று. ஜூன் 20-இல் ஹங்கேரியிடம் தோற்றாலும், எத்தனை கோலில் தோற்றாலும், துருக்கியோடு மறு ஆட்டம் உறுதி. ஒருமுறை வென்ற அணியை மறுமுறையும் வெல்லலாம். ஆகவே ஹங்கேரிக்கு எதிராக உயிரைக் கொடுத்து ஆடி, நல்ல ஆட்டக்காரர்களைக் களைப்படையச் செய்வதில் பயன் என்ன?

துருக்கியை வென்ற அணியில் எழுவரை அமர்த்திவிட்டு, மாற்று ஆட்டக்காரர்களைக் களத்தில் இறக்கினார். பாஸெல் நகரில் ஹங்கேரி 8-3 என வென்றது. கோச்சிஷ் மட்டும் நான்கு கோல் அடித்தார். எல்லை கடந்து பணம் செலவழித்து வந்திருந்த ஜெர்மானிய ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். பத்திரிகைகள் தூற்றின. பதவி விலகு என்று வசைக் கடிதங்கள் குவிந்தன. அவரோ அசையவில்லை. ஜூன் 23-இல் துருக்கியை 7-2 என முறியடித்தார்.

இச்சூழ்ச்சி நேர்மையானதா என்று நண்பர்களிடையே விவாதித்திருக்கிறோம். டிக்கட்டு வாங்கி வந்தவர் முழு அணியைக் காணும் உரிமை உடையவர் அல்லரோ என்பார் ஒருசாரார். விதி இடம் தந்தது, அவர் விதியை மீறவில்லை என்பார் மற்றொரு சாரார். நம் கருத்து பின்னவரோடு ஒத்தது. ஆனால் அதே ஆட்டத்தில் நடந்த மற்றொன்றை நம்மால் ஏற்க இயலாது. லீப்ரிஷ் என்ற ஜெர்மானியத் தடுப்பாளர் பின்னாலிருந்து உதைத்ததில் புஷ்காஷின் கணுக்கால் காயமுற்றது. வேண்டுமென்றே செய்ததா, விரைவில் நேர்ந்ததா என்பது அவர் மனசாட்சி அறியும். புஷ்காஷ் அடுத்த இரு ஆட்டங்களில் ஆட முடியவில்லை; இறுதி ஆட்டத்திலும் முழு நலத்தோடு ஆடவில்லை. ஜெர்மனியின் வெற்றியைப் போற்றும்போது இதனையும் கணக்கில் வைத்தல் வேண்டும்.

பிரிவில் முதலிடம் பெற்ற ஹங்கேரி, பிரேஸில், உருகுவே என்ற இரு மலைகளைக் கடக்க நேர்ந்தது. இரண்டையும் 4-2 என வென்றதாயினும் உருகுவே ஆட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டு உடலை உருக்கியது. இரண்டாமிடத்து ஜெர்மனியோ யுகோஸ்லாவியாவை 2-0 என்றும், ஆஸ்திரியாவை 6-1 என்றும் வென்றது. நான்கு ஆட்டங்களில் 25 கோல் அடித்த ஹங்கேரி இறுதியில் மீண்டும் எதிரே வந்து நின்றது.

ஹெர்பெர்கர் தம் அணியை தூன் ஏரிக்கரையில் ஸ்பீட்ஸ் என்னும் அமைதியான ஊரில் தங்கவைத்திருந்தார். யாரோடு யார் ஓர் அறையில் தங்குவது என்பதைக்கூட அவரே முடிவு செய்தார். பிரிட்ஸ் வால்ட்டர் எதற்கும் கவலைப்படுபவர். தோல்வியில் எளிதில் மனமுடைபவர். அவர் அறையில் ஹெல்முட் ரான் என்ற வேடிக்கைப் பேர்வழியைச் சேர்த்தார். இந்த ரான், போட்டிக்கு முன் தம் கழகத்தோடு தென் அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்தவர். தந்தி கொடுத்து வரவழைக்கப்பட்டார். அத்தந்திச் செலவு வீண் போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி வியூகம். ஹிடெகுட்டியைப் பின்தொடரும் வேலையைச் சென்டர் ஹாப் லீப்ரிஷிடம் விடாது, ஓட்டத்தில் வல்லவரான எக்கெல் என்ற ஹாப் ஆட்டக்காரரிடம் ஒப்படைத்தார். ஹிடெகுட்டி எங்குச் சென்றாலும் எக்கெல் நிழல்போல் செல்ல வேண்டும். லீப்ரிஷ் நடுவாசலை விட்டு நகராது புஷ்காஷைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் நிகரற்ற கோச்சிஷை மாய் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தார்க்குப் பிடிபடாத புதிரின் விடை இவ்வளவுதான். தடுத்தால் மட்டும் போதாது என்பதையும் அவர் அறிவார். ஹங்கேரியர் அனைவரும் முன்னேறித் தாக்குவதால் அவர்களுடைய பின்புறம் வெறுமையாகும்; பந்து கிடைத்ததும் விரைவாக இரு ஓரங்களுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார்.

ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. பெர்ன் நகரின் வாங்க்டார்ப் மைதானத்தில் 60,000-க்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். மழை பெய்தது. ஜெர்மானியர் மனம் குளிர்ந்தது. போர்க்காலத்தில் மலேரியாவால் வருந்திய வால்ட்டருக்கு வெயில் ஆகாது. ஈரத்தில் ஆடுவதே உவப்பு. மேலும் அணியோடு வந்திருந்த செருப்புத் தொழிலதிபர் ஆடி டாஸ்லர், திருகிக் கழற்றி மாட்டக்கூடிய குமிழ்கள் வைத்த பூட்ஸ்களைச் செய்திருந்தார். சேற்றில் கால் வழுக்காதிருக்க நீளமான குமிழ்கள் பூட்டப்பட்டன.

வியூகமெல்லாம் எட்டு நிமிடத்தில் பொடிபடுவது போலாயிற்று. ஆறாவது நிமிடத்தில் புஷ்காஷும், எட்டாவது நிமிடத்தில் சிபோரும் கோல் அடித்தனர். மீண்டும் எட்டா, பத்தா என்று கூட்டம் எண்ணியிருக்கும். ஆனால் பத்தாவது நிமிடத்தில் மோர்லாக் கால் நீட்டிச் சறுக்கிப் பந்தைத் தட்டிவிட்டார். பதினெட்டாவது நிமிடத்தில் வால்ட்டர் மூலையிலிருந்து உதைத்த பந்தை ரான் கோலாக்கினார். கணக்கு 2-2. அதன் பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஹங்கேரியர் முட்டி மோதினர். கம்பத்தில் பட்டும், கோல் காவலர் டூரெக்கின் கையில் பட்டும் பந்து திரும்பியது. கோல்மேல் டூரெக் இல்லாதபோது கோல்மேயர் கோட்டில் நின்று காத்தார். 84-ஆவது நிமிடத்தில் ரான் இடக்காலால் தாழ்வாக உதைத்த பந்து வலையைத் தொட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆப்சைடு என்று கொடி உயர்ந்தது. அக்கொடி சரியா தவறா என்பது இன்றளவும் தீராத வழக்கு. 3-2 என்ற கணக்கில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை முதன்முறையாக வென்றது.

வென்றவர் விமானத்தில் பறந்து செல்லவில்லை. ஜெர்மன் ரெயில்வே ஒரு சிவப்பு நிற டீசல் ரெயிலை அவர்களுக்கென அனுப்பிற்று. பெட்டியின் பக்கத்தில் உலக வெற்றி வீரர் என்று பொறித்திருந்தனர். எல்லை கடந்து சிங்கென், லிண்டாவ் வழியாக ம்யூனிக் செல்லும்வரை வழிநெடுக நிலையங்களில் மக்கள் திரண்டனர். தண்டவாளத்தின் மீதே கூட்டம் நின்றமையால் வண்டி ஊர்ந்து செல்ல நேர்ந்தது. அன்று பணியிலிருந்த நிலைய அதிகாரிகளை எண்ணி நாம் இரங்குகிறோம். நேரக் கணக்குப் புத்தகத்தில் தாமதத்துக்கு என்ன காரணம் எழுதினார்களோ!

அப்போட்டிக்குப்பின் ஜெர்மானிய ஆட்டக்காரர் பலர் மஞ்சட்காமாலையால் வருந்தினர். அணி மருத்துவர் ஊசி போட்டது வெளிவந்தது. அது வைட்டமின் ஊசியே என்றனர் அவர்கள். ஊக்க மருந்தாக இருக்கலாம் என்று நெடுங்காலத்துக்குப்பின் ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர், எனினும் மெய்ப்பிக்கப்படவில்லை.

1958-இல் ஸ்வீடனில் ஹெர்பெர்கரின் அணி நான்காமிடம் பெற்றது. 1962-இல் சிலி நாட்டில் காலிறுதியில் யுகோஸ்லாவியாவிடம் தோற்றது. 1964-இல் தம் உதவியாளர் ஹெல்முட் ஷேனிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓய்வு பெற்றார். பிள்ளைப்பேறு இல்லாத அவரும் மனைவி ஏவாவும் மான்ஹைமுக்கு அருகே ஹோஹென்ஸாக்ஸென் என்ற சிற்றூரில் வாழ்ந்தனர். பழைய ஆட்டக்காரர்கள் பிள்ளைகளைப்போல் வந்து சென்றனர். ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் நூற்றுக்கணக்கான கோப்புகளாக வளர்ந்தன. அவை ஜெர்மன் கால்பந்தாட்டச் சங்கத்தாரிடம் போய்ச் சேர்ந்தன. 1977 ஏப்ரல் 27-ஆம் நாள் இரவு மேற்கு ஜெர்மனி வட அயர்லாந்தை 5-0 என வென்ற ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டார். மறுநாள் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பது.